மூன்று புள்ளி ஒரு நொடி

கை: ஒன்பதேகால் அங்குலம்,
கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை.
நாடாவை நான்தான் பிடித்தேன்.
நகங்களைக் கடித்து வைத்திருந்தான்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வடக்கு டகோட்டா, நவம்பர்.
மைதானத்தின் ஒரு கோடியில் தானியக் கிடங்கு.
மறு கோடியில் எதுவுமில்லை,
அங்கிருந்துதான் காற்று வருகிறது.
எம்மெட் வோல்கர்ட், குவாட்டர்பேக், வயது இருபத்திரண்டு,
அந்தக் காற்றுக்குள் பந்தை எறிகிறான்.
நல்ல நாளில் அது தையல் தெரியாமல் சுழலுமாம்.
இன்று
குடித்தவன் நடக்கிற மாதிரி தள்ளாடித் தள்ளாடி,
ஆனாலும் வீடு போய்ச் சேர்கிறது.

இரவு மோட்டலில்
இந்தப் பருவத்தின் முன்னூற்றுப் பன்னிரண்டு எறிதல்களையும்
ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
சொன்னவருக்கு
மேலாளர் யாரும் இருந்திருக்க மாட்டார்.

பந்தை நான் பார்ப்பதில்லை,
டிக்கெட் வாங்கியவர்கள் பார்க்கட்டும்.
நான் கால்களைப் பார்க்கிறேன்.
நூற்று முப்பது கிலோ ஆள் ஒருவன்
இடப்புறமிருந்து, முதுகுப் பக்கமிருந்து,
காவலைக் கிழித்துக்கொண்டு வரும்போது
அநேகம் பேருடைய கால்கள் ஓடிவிடும்,
ஆள் பின்னால் போவான்.
இவனுடையவை நிற்கின்றன.
கண்ணும் தாழவில்லை.
பதினெட்டாம் எண் சட்டை
அந்த மூலையில் திரும்பும் என்று காத்திருக்கிறான்.
காத்திருக்கிறான்.
ஸ்டாப்வாட்ச்: மூன்று புள்ளி ஒன்று.

எங்கள் மட்டத்தில் ஆயுசே இரண்டரை நொடி.
மேற்கொண்டு உள்ள புள்ளி ஆறில்
விலா எலும்பு முறியும்,
பந்து கைமாறும்,
பயிற்சியாளர் ஒருவர் வீட்டை விற்றுவிட்டு ஊர் மாறுவார்.
அந்தப் புள்ளி ஆறுக்கு என்ன எழுதுவது?
துணிச்சல் என்றா, மந்தம் என்றா?

சலவை அறையில் லுவெல்லா ஸ்டென்ருட்
கேட்காமலே சொன்னாள்:
"காலுறையை நேராக்கிப் போடுறவன்
இவன் ஒருத்தன்தான்."
குறித்துக்கொண்டேன்.
பிறகு அடித்தேன்.
ஆறு வருடம் முன்னால் ஒரு பையன்
உணவுக்கூடத்துப் பெண்கள் அத்தனை பேரையும்
பெயர் சொல்லி அழைத்தான் என்பதற்காக
இரண்டாம் சுற்றிலேயே எடுங்கள் என்று மேசையைத் தட்டியவள் நான்.
பதினோரு ஆட்டம்.
இப்போது டல்சாவில் கூரைத் தகடு விற்கிறான்.
வாங்க வருகிறவர்களைப் பெயர் சொல்லித்தான் அழைப்பான்,
அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் காலை
படத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டேன்:
"இங்கே ஏன் விடவில்லை?"
திரையையே வெகுநேரம் பார்த்தான்.
"ஒர்ரின் வழுக்கி விழுந்துட்டான்.
எழுந்துடுவான்னு நினைச்சேன்."

இன்னொரு கேமராவின் படத்தைப் போடச் சொன்னேன்.
ஆமாம்.
சட்டகத்தின் ஓரத்தில், பதினெட்டு,
ஒரு முழங்கால் புல்லில்.
ராத்திரி முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது கால்களை,
தப்பான ஆளுடைய கால்களை.

"எழுந்தானா?"
"இல்ல. என்னைத்தான் கீழே தள்ளிட்டாங்க."
சிரித்தான். கீழ்வரிசையில் ஒரு பல் பாதிதான் இருந்தது.
அதற்கும் கட்டம் இல்லை.

படிவத்தின் கடைசிக் கேள்வி கட்டாயமானது:
இந்த வீரர் யாரைப் போல் இருக்கிறார்?
காலியாக விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாது.
ஒரு புள்ளி வைத்தேன், ஏற்றுக்கொண்டது.

மைனாட் போகும் வழியில் பெட்ரோல் போட நின்று
ஐந்தாம் சுற்று என்பதை நான்காக்கினேன்.
பிறகு ஐந்தாக்கினேன்.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
நான்கு என்று போட்டு அனுப்பிவிட்டு இறங்கப் பார்த்தேன்.
காற்று
கதவைத் திறக்க விடவில்லை.