முன்னெழுத்து

பெயர் கேட்பதில்லை நாங்கள்.
அம்மா பெயரின் முதல் எழுத்து,
பிறந்த தேதி, அவ்வளவுதான்.
லூ-4. கா-26. கா-11.
இன்னொரு கா-11 வந்தபோது
பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தோம்.
கோட்லா-யார்வேயில்
ஒரு தலைமுறைக்கே காலினா என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

செவ்வாய், வியாழன், நான்கிலிருந்து எட்டு.
முன்பு இது செருப்புக்கடை.
'எல்லா அளவுகளும் கிடைக்கும்' என்று
கண்ணாடியில் இன்னும் இருக்கிறது.
சுரண்ட வேண்டாம் என்றார் ஹெய்னோ,
எங்கள் வேன் ஓட்டுகிறவர்,
நகைச்சுவை அறியாதவர்.

மேசையில் புது ஊசிகள், பத்துப் பத்தாக.
பழையதைப் போட மஞ்சள் டப்பா.
மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கும் மருந்து,
ஆளுக்கு இரண்டு.
மூலையில் ஒரு சலவை இயந்திரம்.
உண்மையைச் சொன்னால்
பாதிப் பேர் வருவது அதற்காகத்தான்.

ரை-19 சூப் வேண்டாம் என்பான்,
பிறகு இரண்டு கிண்ணம் குடிப்பான்.
இயந்திரத்தின் முன்னால் நாற்காலி போட்டு
வட்டக் கண்ணாடிக்குள் தன் துணி சுற்றுவதை
பந்தயம் பார்ப்பதுபோல் பார்ப்பான்.
"இப்ப நீலச் சட்டை முந்துது."
காலில் புண்ணைக் கட்டிக்கொண்டே
ஸ்நெஜானா ஒருநாள் கேட்டாள்:
விட்டுவிட வேண்டும் என்று தோன்றுமா?
"தோணுமே. தினமும்.
காலையில பதினோரு மணி வரைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.
எனக்கு அது பத்தரை வரைக்கும் இருந்தது.
பழைய நோட்டைப் புரட்டினால்
எ-8 என்று என்னைக் காணலாம்,
நாற்பத்தொரு பக்கங்களில்.

டிசம்பரில் இரண்டு வியாழன் அவன் வரவில்லை.
துவைத்த துணி பையில் காத்திருந்தது.
காவல் நிலையத்திலிருந்து போன்:
ரயிலடிக் கழிப்பறை, சட்டைப்பையில் உங்கள் அட்டை,
ஆள் பெயர் என்ன?
தெரியாது என்றேன்.
தெரிந்ததைச் சொன்னேன்:
பத்தொன்பதாம் தேதி பிறந்தவன்.
சாக்ஸ் நாற்பத்து நான்கு.
சூப்பில் இலை தழை மிதக்கக்கூடாது.
மறுமுனையில் ஒரு பெருமூச்சு.
இதற்கெல்லாம் அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

பிப்ரவரியில் ஒரு பெண்மணி
கதவுக்கு வெளியே நெடுநேரம் நின்றார்.
'எல்லா அளவுகளும்' என்பதை இருமுறை படித்தார்.
செருப்பு வாங்க வந்தவர் என்றுதான் நினைத்தேன்,
சிலர் இன்னும் அப்படி வருவதுண்டு.
தொப்பியில் பனி.
"என் பெயர்" என்று தொடங்கினார்.
"ரை" என்றேன், வாய் தவறி.

"ரைசா. உங்களுக்கு எப்படி..."

ஆறு வருஷமாய் அவன் அவரிடம் பேசவில்லையாம்.
கடைசியாய்ப் பேசியதும்
பேச்சு என்று சொல்லும்படி இல்லையாம்.
நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
வாரத்துக்கு இரண்டு முறை
இந்த மேசைக்கு முன்னால் நின்று
அவன் எங்களிடம் சொன்னதெல்லாம்
உங்கள் எழுத்து ஒன்றுதான்.

அவர் விரல் அந்தப் பக்கத்தில் மெல்ல இறங்கியது.
ரை. ரை. ரை.
ஒரு வியாழனில் மை கொட்டியிருந்தது.
அங்கே சற்று நின்றது.

பிறகு மகனின் பெயரைச் சொன்னார்.
அதை நான் எழுதிக்கொள்ளவில்லை,
இங்கேயும் எழுதமாட்டேன்.

பையைப் பிரித்து நீலச் சட்டையை முகர்ந்தார்.
என்ன பவுடர் போடுகிறீர்கள் என்றார்.
விலை குறைந்தது என்றேன்.
சட்டையை எடுத்துக்கொண்டார்.
சாக்ஸை மேசையிலேயே வைத்தார்:
"அளவு பொருந்துகிற யாருக்காவது."

அவர் போய்க் கால் மணி நேரமிருக்கும்,
ஒரு புதுப் பையன்.
நகமெல்லாம் கடித்துத் தின்றிருந்தான்.
அம்மா பெயரில் முதல் எழுத்து என்றேன்.
தரையைப் பார்த்தான்.
சலவை இயந்திரத்தைப் பார்த்தான்.
"சொல்லித்தான் ஆகணுமா?"

யோசித்துச் சொல், என்றேன்.
எட்டு மணி வரை திறந்திருக்கும்.