மெழுகு வளையம்

தண்டர் பே. மார்ச். வெளியே இன்னும் பனி.
கழிப்பறைக் கோப்பையைக் கழற்றிக்
குளியல் தொட்டிக்குள் உட்கார வைத்திருக்கிறாள் இர்யா.
அடியிலிருந்த மெழுகு வளையம் என்றோ செத்துவிட்டது.
ஒரு சொட்டு. நேரங்கழித்து இன்னொரு சொட்டு.
பதினோரு வருஷம் யார் காதிலும் விழவில்லை.

திருப்புளியை ஊன்றினால்
ப்ளைவுட் ஊறிய ரொட்டியாய் வழிவிடுகிறது.
கடப்பாரைக்கு வேலையில்லை;
கையாலேயே அள்ளிப் போடுகிறாள்,
கறுப்பாக, காளான் வாடையோடு.

ஓட்டை அகன்றதும் கீழ்த்தளம் தெரிகிறது.
சலவை இயந்திரத்தருகே ரெய்யோ.
டிசம்பரிலிருந்து படுக்கை அங்கேதான்.
அண்ணாந்து பார்க்கிறான், தலையெல்லாம் மரத்தூள்.

"உத்திரம் எப்படி?"
"தேறும்."

இந்தக் குளிர்காலத்தில்
அவர்கள் பேசியதிலேயே இதுதான் நீளம்.

அவன் கீழிருந்து டார்ச் பிடிக்கிறான்.
அவள் புதுப் பலகைக்கு அளவெடுக்கிறாள்.
ஒரு தடவை போதும்.
மூன்றாவது தடவையும் அளக்கிறாள்.