காரணக் குறியீடு

நெருப்புப்பெட்டி அளவு. இருபத்தொன்பது டொலர்.
திரை கிடையாது. நான்கு பொத்தான்,
முதுகில் சட்டையைக் கடிக்க ஒரு கவ்வி.
வினிபெக்கில், போர்ட்டேஜ் அவெனியூ கடையில்,
சாமான் திருப்பும் மேசை என்னுடையது.
பெட்டியோடும் பெட்டியில்லாமலும்
ஒருமுறை நாயின் பல்லடையாளத்தோடும்
அது என்னிடம் திரும்பி வரும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் பதியவேண்டும்.
கணினியிடம் பதினாறு காரணங்கள்.
ஆட்களிடம் அதைவிடக் கொஞ்சம் கூட.

முதியோர் விடுதிச் சீருடையோடு ஒரேஸ்யா:
"கலைத்துப் போடென்றால் கலைப்பதில்லை.
நூற்றைம்பது பாட்டில் அந்த ஒன்றே வருகுது,
விவாகரத்துக்கு முந்தினது."
அழித்துவிடலாமே என்றேன்.
"அழிக்க யார் கேட்டது?"
ஆறு: மென்பொருள் கோளாறு.

சலவை இயந்திரத்தில் முழுச் சுற்றும் சுழன்றதை
ஒரு பெடியன் கொண்டுவந்தான்.
பழுதா?
"இல்லை, பாடுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."
அதற்குக் குறியீடு இல்லை.
மேலாளர் டரிலைக் கேட்டேன்,
வரிசை நீளுது என்றான்.

ஜனவரியில் எல்லாருக்கும் ஒரே கதை:
மைனஸ் முப்பத்திரண்டு, பஸ் தரிப்பு,
மூன்றாம் பாட்டில் பற்றரி செத்துப்போகும்.
உடம்போடு ஒட்டி வையுங்கோ என்பேன்,
காய்ச்சல் பார்க்கிறமாதிரிக் கக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.
கோபத்தோடு வந்தவர்கள் சிரிப்பார்கள்.
சிலர் சிரித்துவிட்டும் காசை வாங்கிப் போவார்கள்.

பெப்ரவரியில் ரொடெலியோ. மூன்றாம் தரம்.
பஸ் கட்டுகிற தொழிற்சாலையில் தகட்டில் ஆணி அறைகிறவர்,
பற்றுச்சீட்டுகளை மடிக்காமல் உறையில் வைத்திருப்பவர்.
"வலப்பக்கம் கேட்பதில்லை.
நீங்கள் மாற்றித் தந்ததும் அப்படித்தான்.
அதை மாற்றித் தந்ததும்."
குரலில் கோபமே இல்லை, அதுதான் கஷ்டம்.

துடைத்து என் காதில் மாட்டினேன்.
இரண்டு பக்கமும் யாரோ கிற்றார் வாசித்தார்கள்.
நல்லாய்த்தான் வாசித்தார்கள்.
இடதை வலதாக, வலதை இடதாக மாற்றி
அவரிடம் நீட்டினேன். இப்ப?
"இப்ப மற்றது கேட்க..." என்று தொடங்கி
அங்கேயே நின்றுவிட்டார்.

பின்னால் ஒரு பெண் டோஸ்டரோடு காத்திருந்தாள்.
கூரை ஒலிபெருக்கி சப்பாத்துக்குக் கழிவு சொன்னது.
அவர் இடக்காதை விரலால் அடைத்தார்.
எடுத்தார். மறுபடி அடைத்தார்.
நான் ஏதோ கதைத்தேன், டொக்டர், சோதனை, காசில்லை என்று.
எந்தப் பக்கம் நின்று கதைப்பதென்று தெரியாமல்
மேசையோரமாக நகர்ந்தபடி கதைத்தேன்.

"பதினொரு வருஷம். அறைகிற மெஷின் எனக்கு வலப்பக்கம்,"
வீட்டு விலாசம் சொல்கிறமாதிரிச் சொன்னார்.
பிறகு, "அப்ப இது நல்ல சாமான்."
நல்ல சாமான்தான் என்றேன்.
"இரண்டு பக்கத்துப் பாட்டையும்
ஒரு பக்கத்தில் ஊற்ற வழியிருக்கா?"

பின்தட்டில் ஒரு சின்ன இணைப்பி இருந்தது,
மூன்று டொலர் தொண்ணூற்றொன்பது.
தேடி எடுத்துத் தந்தேன், பில்லும் போட்டேன்.
சும்மா கொடுத்திருக்கலாம்.
அது வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது.
அவர் அந்தப் பில்லையும் உறைக்குள் வைத்து,
கவ்வியைக் கொலரில் கொளுவிக்கொண்டு போனார்.

திரை இன்னும் கண்ணைச் சிமிட்டியது.
திருப்பாமல் போனதற்கும் அது காரணம் கேட்கும்.
பதினாறு: வாடிக்கையாளர் மனம் மாறினார்.
டோஸ்டர்ப் பெண்ணுக்கு ஒரு பக்கம்தான் சூடாகுதாம்.

இரவு, பஸ் தரிப்பில்,
என்னுடையதைக் கக்கத்திலிருந்து எடுத்தேன்.
வலப்பக்கத்தைக் கழற்றித் தொப்பிக்கு வெளியே விட்டேன்.
பாடுகிறவள் இருந்தாள். தாளம் இருந்தது.
வயலினைக் காணவில்லை.
இத்தனை நாளாய் அது அந்தப் பக்கம் நின்றது
எனக்குத் தெரியாது.
மறுபடி மாட்டுவதற்குள் பற்றரி செத்துப்போனது.
பஸ் வர இன்னும் ஒன்பது நிமிடம்.