மூன்றாவது பொத்தான்

புன்டா அரேனாசில் காற்றுக்கு எல்லா வீடும் சொந்த வீடு.
ஆய்வகத்து ஜன்னல் இடுக்கில் காகிதம் திணித்திருக்கிறோம்.
வெளியிலிருந்து ஓர் இழை பறந்து வந்தால் போதும்,
யாரோ ஒருவர் இருபது வருஷம் உள்ளே போவார்.

செவ்வாய்க்கிழமை வந்தது அந்தக் கோட்டு.
உறைமேல் எழுதியிருந்தது:
எலியோதோரோ மான்சிலா, ஐம்பத்தெட்டு வயது,
ஆட்டு மயிர் கத்தரிப்பவர்.
பண்ணைக் கணக்கரைச் சுட்டதாகச் சந்தேகம்.

முதலில் இருகண் நுண்ணோக்கி. இருபது மடங்கு.
முழங்கையில் தேய்மானம், ஆட்டுக் கொழுப்பின் மஞ்சள்,
மூன்றாவது பொத்தானை மட்டும் யாரோ
நீல நூலில் தைத்திருக்கிறார்கள்.
ஏழு குத்து. அவசர முடிச்சு.
அறிக்கையில் இதற்கு இடமில்லை.

அப்புறம் முனைவாக்கிய ஒளி.
இரண்டு வடிகட்டிகளைக் குறுக்காக வைத்தால்
அமாவாசை.
அந்த இருட்டில் நைலான் மட்டும்
பெட்ரோல் சிந்திய ஈரச் சாலையாய் எரியும்.
கம்பளி அடக்கமாக மினுங்கும்.

ஒப்பீட்டு நுண்ணோக்கியில் மேடை இரண்டு, பார்வை ஒன்று,
நடுவே ஒரு மயிர்க்கோடு.
இடப்பக்கம் இறந்தவர் சட்டையில் கிடைத்த இழை,
வலப்பக்கம் கோட்டின் இழை.
இரண்டும் ஒன்றே என்று கண் ஆசைப்படும்.
கண்ணின் ஆசைக்கு அரசாங்கம் சம்பளம் தருவதில்லை.
செதில்கள் பொருந்தவில்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கி எங்களிடம் இல்லை.
கைப்பட்டியில் ஒற்றியெடுத்ததைச் சாந்தியாகோவுக்கு அனுப்பினேன்.
பதினோரு நாள்.
மூன்று உருண்டைகள் என்று பதில் வந்தது.
ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒன்றாய் உருகியவை.
கடுகொன்றின் அகலத்தில்
அவை ஆயிரம் வரிசையில் நிற்கலாம்.

"மாட்டினான்" என்றார் இன்ஸ்பெக்டர் ஒயார்சூன் தொலைபேசியில்.
எந்த வண்டியில் ஏற்றி வந்தீர்கள் என்று கேட்டேன்.
மறுமுனையில் காற்று மட்டும்.

காவல்நிலைய முற்றத்தில்,
மற்ற காவலர்கள் சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க,
ரோந்து வண்டியின் பின்னிருக்கையை
ஒட்டுப்பட்டையால் ஒற்றி எடுத்தேன்.
மறுபடி பதினோரு நாள்.
நாற்பத்தொரு உருண்டைகள்.

எழுதினேன்:
இவர் சுட்டாரா என்பதை இத்துகள்கள் கொண்டு கூற இயலாது.
சுடவில்லை என்று எழுதவில்லை.
அது எனக்குத் தெரியாது.
ஒயார்சூன் அதன்பின் எனக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை.

ஆகஸ்ட். ரொட்டிக்கடை வரிசை.
எனக்கு முன்னால் பழுப்பு முதுகு ஒன்று.
அந்த முழங்கையை எனக்குத் தெரியும்,
முகத்தைத் தெரியாது.
காசு கொடுத்துவிட்டுத் திரும்பினார்.
நீல நூல், ஏழு குத்து.

கதவைக் காற்று பிடுங்கப் பார்த்தது,
எனக்காக அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.
பருத்த விரல்கள், கத்தரியின் காய்ப்பு.
அந்தக் கையையே பார்த்தேன்,
எத்தனை மடங்கில் பார்ப்பதென்று தெரியாமல்.

நன்றி என்றேன்.
"குளிருது, சீக்கிரம் போங்க" என்றார்.