உப்புக்குச் சப்பாணி

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
அம்மோனியா வாடைக்கும் மீன் வாடைக்கும் நடுவே
ஒரு மேசைக் கணினி. 486.
எந்தப் படகுக்கு எத்தனை பார் என்று
இருபத்தெட்டு வருடமாய் எழுதிவைக்கிறது.
இப்போது பத்து நிமிடத்துக்கொரு தரம்
உறைந்துபோகிறது.
"ஐஸ் கம்பெனில ஒறையாம இன்னா பண்ணும்"
என்றார் கணக்கெழுதும் செல்லாபாய். சிரிக்கவில்லை.
வெளியே நாலு விசைப்படகு ஆட்கள்
ரசீதுக்கு நின்றார்கள்.

மூடியைக் கழற்றினேன்.
கடல் உள்ளே வந்து போயிருந்தது.
பீப்பாய் பேட்டரி கக்கிய பச்சை,
அதன்மேல் காற்று தடவிய வெள்ளை.
வினிகரில் தோய்த்த பல் பிரஷ், பிறகு ஸ்பிரிட்,
பிறகு மேசை விசிறியின் முன்னால் அரைமணி.
அறுந்திருந்த ஒரு தடத்துக்கு
போன் ஒயரின் ஒற்றை இழையால் பாலம் கட்டினேன்.
ஓடியது.
பதினோராம் நிமிடம் நின்றது.

அப்போதுதான் கேஷ் மேல் சந்தேகம்.
கேஷுன்னா? என்றார்.

கொருக்குப்பேட்டை கேட் தெரியுமில்ல,
அதுக்கு அந்தாண்ட மெயின் மெமரி.
ஒவ்வொரு எண்ணுக்கும் கேட்டில் நின்று
போய் எடுத்து வரணும்.
அடிக்கடி வேண்டியதை இந்தாண்டயே
ஒரு பெட்டிக்கடையில் வாங்கி வெச்சுக்கிட்டா
அதான் கேஷ்.

"கூட்ஸ் வண்டி வந்தா அர மணி நேரம்" என்றார்.
புரிந்துவிட்டது.

செட்டப்புக்குள் போய் கேஷை அணைத்தேன்.
ஒரு மாதக் கணக்கைக் கூட்டச் சொன்னேன்:
நாற்பத்தொரு விநாடி.
கேஷைப் போட்டேன்.
நாற்பத்தொரு விநாடி.
ஜம்பரை இடம் மாற்றினேன், திரும்ப மாற்றினேன்,
என் கைக்கடிகாரத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன்.
நாற்பத்தொன்று.

மீட்டர் ஊசியை சில்லுகளின் காலில் வைத்தேன்.
மின்சாரம் வரவேண்டிய காலில் இல்லை.
தரைக்குப் போகவேண்டிய காலிலும் இல்லை.
எட்டு சில்லு, தலைக்கு இருபத்தெட்டு கால்,
ஒன்றில்கூட ஒரு முனகல் இல்லை.
கட்டரால் ஒன்றை உடைத்தேன்.
வெளியே கறுப்பு பிளாஸ்டிக்.
உள்ளேயும் கறுப்பு பிளாஸ்டிக்.

தெருவில் ஐஸ்பாய் ஆடும்போது
அழுகிற பொடிசைச் சேர்த்துக்கொள்வோமே,
ஓடும், ஒளியும், பிடிபட்டாலும் அவுட் கிடையாது,
அந்த உப்புக்குச் சப்பாணிகள்
எட்டுப் பேர் இங்கே வரிசையாய் நின்று
காலையில் மெஷின் போட்டதும்
'256 கேபி கேஷ்' என்று ஆஜர் சொல்லியிருக்கிறார்கள்.
எங்கோ ஒரு தொழிற்சாலையில் எவனோ
பயாஸுக்குச் சொல்லிக்கொடுத்த பொய்.
இருபத்தெட்டு வருடம் அது
ஒரு நாளும் மாற்றிச் சொல்லவில்லை.

"அப்போ இத்தினி வருசம்
நெனப்பு வெச்சினு இருந்தது யாரு?"

நாலு ரேம் குச்சி. ஒவ்வொரு தடவையும்
கேட் தாண்டிப் போய் வந்தது அதுதான்
என்று சொல்லும்போதே பார்த்தேன்,
மூன்றாவது குச்சியின் பல்வரிசை
புகையிலை போட்டதுபோல் கறுத்திருந்தது.

அவர் பென்சிலின் பின்னாலிருந்த ரப்பர்,
எட்டுத் தேய், பத்துத் தேய். சொருகினேன்.
பதினொன்று. பன்னிரண்டு. நாற்பது நிமிடம்.
நிற்கவில்லை.

நிஜ சில்லு தேடி வாங்கி வைக்கலாம், இடமிருக்கிறது,
நாற்பத்தொன்று முப்பதாகும் என்றேன்.

"வாணாம்ப்பா. அது யோசிக்கிற நேரத்துலதான்
யாரு பழைய பாக்கி வெச்சிகீறான்னு
நான் நெனச்சுப் பாப்பேன்."

மூடியை மாட்டினேன். சுவிட்சைப் போட்டார்.
256 என்றது திரை,
எட்டில் ஒன்றின் துண்டுகள்
என் சட்டைப் பையில் கிடக்க.

முதல் ரசீது கிறீச்சென்று வந்தது:
அந்தோணியம்மாள் படகு. இருபது பார்.
கிழித்துக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு
"போன வாரத்து எட்டு?" என்றார்.