பின் இடது சக்கரம்

இரண்டு வாரம் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.
ஒன்பது வெள்ளி போத்தல், பிறகு இன்னொரு ஒன்பது வெள்ளி.
பானட்டைத் தூக்கினால் எண்ணெய் கோட்டுக்குக் கீழே நிற்கும்,
சம்பளத்துக்கு முந்தின வாரத்து அரிசி டின்னைப் போல.
தரையில் ஒரு சொட்டும் இல்லை.
சொட்டு இல்லாவிட்டால் ஒழுக்கும் இல்லையென்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை, மில் இறக்கத்தில்,
முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி.
மிதித்தேன். கால் போனது. போய்க்கொண்டே இருந்தது.
மறுபடி மிதித்தேன், மறுபடி,
மூன்றாவதில் ஏதோ பிடித்தது.
லாரிக்கும் என் நம்பர் பிளேட்டுக்கும் நடுவே
ஒரு நாசி லெமாக் பொட்டலம் வைக்கலாம்.

ராத்திரி மைலோ அட்டைப்பெட்டியைப் பிரித்துக்
காடிக்கு அடியில் விரித்தேன்.
காலையில் அட்டை சுத்தம்.
டார்ச்சைக் கவ்விக்கொண்டு மல்லாந்தபோதுதான்
பின் இடது டயரின் உள்முகம் தெரிந்தது:
ஈர விரலால் யாரோ இழுத்த மாதிரி,
ரிம்மிலிருந்து கீழே ஒரு கோடு.
தொட்டேன். கறுப்பில்லை, எஞ்சின் எண்ணெய் இல்லை.
பைப்பில் கைகாட்டியதும் தண்ணீரோடு போய்விட்டது.
ஆக, இதுதான்.

முப்பத்தொரு வருஷ சாகா. டிரம் கழன்று வரவில்லை.
அதன் இரண்டு ஓட்டையிலும் போல்ட் ஏற்றி
மாறி மாறி முறுக்கினேன்.
டங்கென்று விட்டது.
உள்ளே கறுப்புச் சேறு.
சிலிண்டரின் ரப்பர் தொப்பியை நகத்தால் தூக்க
தேங்கியிருந்ததெல்லாம் மணிக்கட்டில் வழிந்தது.
இத்தனை நாளும் ஒழுகியது
பூட்டிய அறைக்குள்.
வெளியே தெரியவே இரண்டு வாரம்.

ஆ லியோங் காகிதப் பையில் கொடுத்தான்
இரண்டு ரப்பர் கப், இரண்டு தொப்பி:
நாலு வெள்ளி இருபது.
பையில் சியாம் எழுத்து.
பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட ஊருக்கு
ஐம்பது காசு அகல ரப்பர்
சியாமிலிருந்து வர வேண்டியிருக்கு என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
"ஷூ நனைஞ்சிருச்சா? வலது பக்கமும் சேத்து மாத்து.
இல்லேன்னா ஒரு பக்கம் இழுக்கும்."
முப்பத்தெட்டு வெள்ளி.

எல்லாம் பூட்டியாயிற்று. குழாயில் காற்று மட்டும் பாக்கி.
காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும்.
வீட்டுக்காரர் ஜோகூர் லாரியோடு போய்விட்டார்.
வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்
ஓரகத்தி, பூங்கோதை.
தோட்டம் கொடுத்த நஷ்டஈட்டைப் பிரித்த நாளிலிருந்து
இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பதினான்கு மாதம்.
"கொஞ்சம் மிதிக்கணும்" என்றேன், வேலியைப் பார்த்து.
வாளியைக் கீழே வைத்தாள்.
ஏறி உட்கார்ந்து செருப்பை உதறினாள்.

மிதி.
மிதி.
மிதி. பிடி.
நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.
கிச்சாப் போத்தலுக்குள் குழாய் துப்பியது:
பழுப்பு, குமிழி, குமிழி.
"கீழ போவுது!"
போகட்டும். நான் சொல்லாம எடுக்காத.
மூடினேன். விடு.
எழுந்து எண்ணெய் ஊற்றி, மறுபடி படுத்து,
மிதி. பிடி.
சக்கரத்தடியிலிருந்து அவள் கால் தெரியாது.
சொல்வதைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும்.
"பிடிச்சிருக்கேன்."
விடு.
பதினேழோ பதினெட்டோ தடவை.
குமிழி கடுகாகி, ஊசிமுனையாகி, நின்றது.
"இப்ப கல்லு மாதிரி இருக்கு."
அவள் கேட்டாள், போதுமா.
போதும் என்றேன்.
அவளுக்கு இன்னும் பாதி வாளித் துணி இருந்தது.

சக்கரத்தைப் பூட்டி, ஜாக்கை இறக்கி,
ஓட்டிப் பார்க்க ஏறினேன்.
சாவியைத் திருகுமுன் காலில் இடறியது
பிரேக்குக்கு அடியில் அவள் செருப்பு,
நீலம், வாரில் ஊக்கு குத்தியது.
இது இங்கே கிடந்தால் என்ன ஆகுமென்று
போய்ச் சொல்ல வேண்டும் அவளிடம். நன்றாகவே சொல்ல வேண்டும்.
முதலில் இறக்கம்.
இன்னொன்றையும் தேடி எடுத்து
பக்கத்து சீட்டில் வைத்தேன்.