மேஜைக்கடியில் ரீங்காரம்

ஜனவரியில் தேன்கூட்டைத் திறக்கக் கூடாது.
பெட்டியின் பலகையில் காதை வைத்துக் கேட்க வேண்டும்.
அடுத்த அறையில் யாரோ முணுமுணுத்துப் படிப்பதுபோல்
ஒரு சத்தம் வரும். வந்தால் போதும்.
அரசியை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு
இருக்கிற தேனை எண்ணி எண்ணித் தின்கின்றன.
சத்தம் உரத்திருந்தால் ஏதோ சரியில்லை.

செர்க்னோ தேனீ வளர்ப்போர் கூட்டுறவுக்குக்
கணக்கு எழுதுகிறவள் நான்.
அன்று இரவு கையுறையை மறந்து திரும்பி வந்தேன்.
விளக்குப் போடவில்லை.
மேஜைக்கடியில்
ஜூன் மாதம் இரைந்துகொண்டிருந்தது.

லிண்டன் மரமெல்லாம் பூத்த நாளின் இரைச்சல்.
யாருமில்லாத அறையில்
யாருக்காக இத்தனை உழைப்பு?

மவுஸைத் தொட்டேன். அடங்கிவிட்டது,
போர்வைக்குள் தூங்குவதாய் நடிக்கும் பிள்ளை மாதிரி.
டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன்.
இரண்டு சதவீதம். மூன்று. பரம சாது.
மூடிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.
ஆறாவது நிமிடத்தில் விசிறி மறுபடி எழுந்தது.
தகரத்தில் கை வைத்தால்
காய்ச்சல்காரன் நெற்றி.

"வயசாயிடுச்சு அதுக்கு" என்றார் தலைவர் யெர்னெய்.
மின்கட்டணம் ஏறியதற்கும் காரணம் வைத்திருந்தார்:
தேன் சூடாக்கும் தொட்டி.
அவர் சொன்னது எனக்கு இதமாகத்தான் இருந்தது.
நவம்பரில், தேன் புட்டிக்கு இலவச லேபிள் என்று கண்டு
பிரவுசரில் ஒரு நிரலை ஏற்றியவள் நான்.
அனுமதிக்கலாமா என்று அது கேட்டது.
மரியாதையாகத்தான் கேட்டது.
படிக்காமல் தலையாட்டினேன்.

இத்ரியாவிலிருந்து ததேயா வந்தாள், பூட்ஸில் பனியோடு.
"நான் பார்த்தவரை எதுவும் காணாமல் போகவில்லை, மிலோய்கா.
இதன் மூச்சைத்தான் எடுக்கிறார்கள்.
எங்கோ ஒருவன் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறான்.
கடப்பாரை உங்களுடையது. கரண்ட் உங்களுடையது.
காசு அவனுடையது."
ஊரான் வீட்டு நெய், அவன் கை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தேறும் அவனுக்கு?"
"இந்தக் கிழட்டுப் பெட்டியிலா? சில சென்ட்."

அதுதான் சுட்டது.
"ஆனால் இப்படி எத்தனை ஆயிரம் மேஜைகளோ" என்றாள்.

ஒரு தேனீ ஆயுள் முழுக்கப் பறந்து சேர்ப்பது
ஒரு ஸ்பூனின் அடியில் ஒட்டுகிற ஈரம்.
ஆயிரங்களின் கணக்கு எனக்குத் தெரியாததா?
அதில்தானே சம்பளம் வாங்குகிறேன்.

நிரலைப் பிடுங்கினாள்.
நாங்கள் இல்லாத நேரம் பார்த்து அதை எழுப்ப
வேறோர் இடத்தில் ஒரு குறிப்பு ஒளிந்திருந்தது; அதையும்.
இரண்டு வருடமாக நான் "பிறகு" சொல்லி வந்த அப்டேட்டுகள்
மதியம்வரை ஓடின.
சுரங்கக்காரர்களைத் தடுக்க ஒரு வடிகட்டி போட்டாள்.
வாங்கிய நாளின் ஸ்டிக்கரோடே இருந்த ரவுட்டரின் கடவுச்சொல்லைச்
சிரிக்காமல் மாற்றினாள்.
"இனி விசிறி காரணமில்லாமல் கத்தினால்
பெட்டியைத் திட்டாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள்."

நான் அவளுக்கு ஆகஸ்டைச் சொன்னேன்.
பூ வற்றியதும் பக்கத்துக் கூட்டுத் தேனீக்கள்
கொள்ளைக்கு வரும்.
வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்கிவிடுவோம்,
காவலுக்கு இரண்டு தேனீ போதும் என்கிற அளவுக்கு.
"அதேதான்" என்றாள், காபியை ஊதியபடி.
"மூடச் சொல்லவில்லையே. குறுக்கத்தான் சொல்கிறேன்."

லேபிள் விஷயத்தை யெர்னெயிடம்
இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சொல்லலாம்.

பூட்டுவதற்கு முன்
குனிந்து மேஜைக்கடியில் காது வைக்கிறேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
கூட்டில் இப்படி ஒன்றும் கேட்காவிட்டால்
தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்போம்.
இங்கே அதுதான் நல்ல செய்தி.
பழக நாளாகிறது.